நாசரேத்தில் தண்டனை பெற்ற அமெரிக்க முதலாளிகள்

தூரத்து நியாயவான் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூக்கு நுனியில் கண்ணாடி, மடியில் புத்தகம், நெஞ்சு நிறையக் கோபம். அந்தக் கோபம் கண்டபடி வருகிற கோபம் இல்லை; அதற்கு ஒரு விதி உண்டு. அநியாயம் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு காலத்துக்கு முன்னால் நடந்ததோ அவ்வளவுக்கு அது ஏறும். நூறு வருஷத்துக்கு முன் சிகாகோவில் ஒரு முதலாளி ஒரு கூலிக்காரனை ஏமாற்றினான் என்றால் இவருக்கு ரத்தம் கொதிக்கும். மும்பையில் நடந்தால் பெருமூச்சு வரும். சென்னையில் நடந்தால் "சிஸ்டமே சரியில்ல" என்பார். தூத்துக்குடியில் நடந்தால் "ரெண்டு தரப்பையும் கேக்கணும்லா" என்பார். ஆறுமுகநேரியில், அதாவது பஸ்ஸில் ஒரு குட்டித்தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடுகிற தூரத்தில், தனக்கு நன்றாகத் தெரிந்த ஆள் செய்தால்? அப்போது அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

இந்த இனத்தில் ஒரு முதல்தர உருப்படி எங்கள் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் எனக்கு அடுத்த வீட்டில் வசிக்கிறது. பெயர் கிருபாநிதி. ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர். ஊருக்கே அவர் 'சார்'. நல்ல மனிதர், எறும்புக்கும் தீங்கு நினைக்கமாட்டார், எறும்புக்காக ஒரு வார்த்தை பேசவும் மாட்டார். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட அமெரிக்க நாவல்கள்தான் அவருடைய துறை, அதிலும் பணக்காரர்கள் வருகிற நாவல்கள். ரயில் பாதை போட்டவன், எண்ணெய் தோண்டியவன், இரும்பு உருக்கியவன், மாட்டை அறுத்துத் தகர டப்பாவில் அடைத்தவன், இவர்கள் எல்லாருடைய குடும்ப ரகசியமும் சாருக்கு அத்துப்படி. நியூயார்க்கில் ஒரு சீமாட்டி விருந்து மேசையில் எந்தக் கரண்டிக்குப் பக்கத்தில் எந்தக் கரண்டியை வைத்தாள், அந்தக் கரண்டியைத் துலக்கிய பெண்ணுக்கு என்ன சம்பளம் கொடுத்தாள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நம் தெருவில் ஏன் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கேட்டால், "அப்படியா, வரலையா?" என்பார்.

ஏன் குறிப்பாக அந்தக் காலத்து அமெரிக்கா என்று ஒருநாள் கேட்டேன். "அங்கனதான்யா பணம் மூஞ்சிய மறைக்காம வரும். நம்ம ஊர்ல எல்லாம் பூசி மொழுகிருவான்" என்றார். அது அவர் சொன்ன காரணம். என் காரணம் வேறு. அந்தக் கோடீஸ்வரர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. அவர்களைத் திட்டினால் அவர்கள் வழக்குப் போடமாட்டார்கள். கல்லூரிக்கு நன்கொடை தருவதை நிறுத்தமாட்டார்கள். முக்கியமாக, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கோயில் வாசலில் எதிரே நின்று "சார், சுகமா இருக்கீங்களா?" என்று கேட்கமாட்டார்கள். இதைவிட வசதியான எதிரி எங்கே கிடைப்பான்?

மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை சாரின் மாடியில் வாசகர் வட்டம் கூடும். மற்ற ஊர் வட்டங்களைப் போல இவர்கள் புத்தகத்தைப் பாராட்டிவிட்டுக் காபி குடித்துக் கலைகிறவர்கள் அல்ல. இங்கே விசாரணை நடக்கும். நாவலில் வருகிற பணக்காரனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார்கள். கூண்டு என்பது முதுகுப் பக்கம் திருப்பிப் போட்ட ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. யார் வாதிப் பக்கம், யார் பிரதிவாதிப் பக்கம் என்று சீட்டுக் குலுக்குவார்கள். நீதிபதிக்கு மட்டும் சீட்டுக் கிடையாது. அது நிரந்தரமாகக் கிருபாநிதி சார். கல்லூரிப் பட்டமளிப்பு விழாக்களில் போட்ட கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு, மனைவி அற்புதமணி அம்மாவின் சப்பாத்திக் கட்டையால் மேசையைத் தட்டித் தீர்ப்புச் சொல்வார். மறுநாள் காலையில் அற்புதமணி அம்மா அந்தக் கட்டையை இரண்டு தரம் கழுவிவிட்டுத்தான் மாவில் வைப்பார்.

இதுவரை அந்த மாடியில் ஒருவனும் விடுதலை ஆனதில்லை. எண்ணெய்க்காரனுக்கு ஆயுள் தண்டனை. ரயில்காரனுக்குச் சொத்துப் பறிமுதல். இரும்புக்காரன் ஒருவனுக்கு, வட்டம் அன்று மிகவும் கொதித்துப்போயிருந்ததால், இரண்டும். தீர்ப்பு உடனே வாட்ஸப் குழுவில் போகும். பதிலுக்குச் சிவந்த முகங்களும் முறுக்கிய முஷ்டிகளும் வரிசையாக வரும்.

உறுப்பினர்களைச் சொல்கிறேன். வக்கீல் வரது, ஆழ்வார்திருநகரிக்காரர். நிஜக் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கில் மெதுவாகப் பேசி வாய்தா வாங்குகிறவர் இங்கே இடிமுழக்கம் செய்வார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஜாஸ்லின், அழுவதற்காகவே இரண்டு கைக்குட்டையோடு வருகிறவர். அப்புறம் செல்வின்.

செல்வினிடம் கொஞ்சம் நிற்கவேண்டும். ஆறுமுகநேரிப் பக்கம் அவருக்கு உப்பளங்கள் இருக்கின்றன. உப்பை அரைத்து, அயோடின் கலந்து, பாக்கெட்டில் அடைக்கிற ஷெட் இருக்கிறது. அந்த பாக்கெட்டுகளை ஏற்றிப்போக வரிசையாக லாரிகள் இருக்கின்றன. சாரிடம் படித்தவர். அமெரிக்காவிலிருந்து பழைய நாவல்களை வரவழைப்பது அவர் செலவு. அந்த வட்டத்திலேயே பெரிய பணக்காரர் அவர்தான். அமெரிக்கப் பணக்காரனுக்கு அதிகத் தண்டனை கேட்பவரும் அவர்தான். "விடாதீங்க சார் அவன! ஏழை வயித்துல அடிச்சவன்!" என்று அவர் கத்துவது என் மொட்டைமாடி வரை கேட்கும். ஒருநாள் நான் சும்மா கிண்டலாக, "நீங்களும் முதலாளிதானே?" என்று கேட்டதற்கு நிஜமாகவே திடுக்கிட்டார். "நானா? நான் என்னமோ உப்பு வித்துப் பொழைக்கேன்" என்றார். பணக்காரன் என்றால் அவருக்குத் தொப்பி வைத்து, சுருட்டு பிடித்து, ஆங்கிலத்தில் பேசவேண்டும்.

சாருக்கு ஒரு வாழ்நாள் வேலை உண்டு. 'அமெரிக்க நாவலில் செல்வமும் நீதியும்' என்று தடிமனாக ஒரு நூல் எழுதி முடித்து, எந்தப் பதிப்பகமும் எடுக்காமல் பரணில் வைத்திருந்தார். அதைச் செல்வின் தன் செலவில் அச்சடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சாரும் வைத்துக்கொண்டிருந்தார்.

நான் வட்டத்தில் உறுப்பினன் அல்ல. துப்பறியும் கதை படிக்கிறவன் என்று தெரிந்ததும் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆனாலும் அற்புதமணி அம்மா செய்கிற முந்திரிக்கொத்துப் பலகாரத்தில் எனக்கு ஒரு பங்கு சுவருக்கு மேலாக வந்துவிடும். கூடவே வட்டத்தின் செய்தியும் வரும். இனி நான் சொல்லப்போவதில் பாதி, அந்த முந்திரிக்கொத்தோடு வந்தது. மீதியை நானே சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

ஒரு மாதம், வழக்கமாக மாடியில் கூடுகிறவர்களைச் செல்வின் தன் ஷெட்டுக்குக் கூப்பிட்டார். தொழிலாளிகளைப் பற்றிய நாவல். ஒரு தொழிற்சாலையிலேயே விசாரணை நடத்தினால் உணர்ச்சியாக இருக்கும் என்றார். எல்லாருக்கும் ஒரே உற்சாகம். வேன் வந்தது. பலகாரத் தூக்குவாளியோடு அற்புதமணி அம்மாவும் ஏறினார்.

அன்றைய நாவலின் தலைப்பைச் சொல்லமாட்டேன். கதையை மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் ஒரு சிற்றூரில் ஒரு கண்ணாடி ஆலை. அங்கே கொதிகலனில் விரிசல் விட்டு ஆவி கசிகிறது. முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பாதிரியாரைக் கூட்டிப்போய் ஆலையைச் சுற்றிக்காட்டுகிறார். பாதிரியார் ஆவி கசிவதைப் பார்க்கிறார். பிறகு கொதிகலன் வெடித்து ஆட்கள் சாகிறார்கள். கோர்ட்டில் பாதிரியாரைக் கேட்டால், "இயந்திரம் என் பாடம் அல்ல" என்கிறார். முதலாளி தப்பிக்கிறார். கோயிலுக்குப் புதிதாக ஒரு மணி வருகிறது.

விசாரணைக்கு முன்னால் செல்வின் எல்லாருக்கும் ஷெட்டைச் சுற்றிக்காட்டினார். அரவை இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் பெல்ட்டுக்கு மேலே இரும்பு மூடி ஒன்று இருக்கவேண்டும். அது பெல்ட்டின் மேல் இல்லை. ஓரமாகச் சுவரில் சாய்ந்து துருவேறிக்கொண்டிருந்தது. தூக்குவாளியோடு குனிந்து நடந்த அற்புதமணி அம்மாவின் சேலை முந்தி காற்றில் பறந்து அந்த பெல்ட்டில் போய்ச் சிக்கியது. அங்கே வேலைசெய்துகொண்டிருந்த சீனித்தாய் என்ற பெண், "ஏ எம்மா!" என்று அலறிக்கொண்டு பாய்ந்து, முந்தியை வெடுக்கென்று இழுத்துவிட்டாள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. புதுச் சுங்குடிச் சேலையின் ஓரம் கிழிந்து, கறுப்புக் கிரீஸ் அப்பிக்கொண்டது.

"ஏன் செல்வின், இதுக்கு மூடி கெடையாதா?" என்று அற்புதமணி அம்மா முந்தியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"இருக்கும்மா, அந்தா சாஞ்சி கெடக்குல்லா. மாட்டுனா அடிக்கடி உப்பு அடைக்கி, மிஷின நிறுத்த வேண்டியிருக்கு. அதான் கழத்தி வச்சிருக்கோம். நாளைக்கே மாட்டிருதேன்."

எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஜாஸ்லின் டீச்சர் "கர்த்தாவே" என்றார். வரது மூடியைக் காலால் தட்டிப்பார்த்து, "கனமா இருக்கே" என்றார். சார் நிலைமையைச் சகஜமாக்க, "எந்திரத்துக்கும் ஒஞ் சேலை மேல ஆசை வந்துட்டு பாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சீனித்தாய் மட்டும் சிரிக்கவில்லை. அவள் திரும்பிப்போய் அந்த பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்; அவளுடைய இடம் அதுதான்.

பிறகு மாடியில் ஏசி அறைக்குப் போனார்கள். கண்ணாடிச் சுவர் வழியாகக் கீழே வேலை நடப்பது தெரிந்தது. அன்று வட்டத்தின் ஆத்திரம் முதலாளியைவிடப் பாதிரியார் மேல்தான் அதிகமாகப் பாய்ந்தது. வரது முழங்கினார். ஜாஸ்லின் டீச்சருக்கு இரண்டாவது கைக்குட்டையும் நனைந்தது. சார் அங்கியைச் சரிசெய்துகொண்டு, கட்டையால் தட்டித் தீர்ப்புச் சொன்னார்: "தெரியாமல் இருந்தவனை மன்னிக்கலாம். லாபத்துக்கு ஆசைப்பட்டவனைக்கூடப் புரிந்துகொள்ளலாம். கண்ணால் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டவனுக்கு இந்த நீதிமன்றத்தில் மன்னிப்பே கிடையாது." கைதட்டல். செல்வின் எழுந்து நின்று தட்டினார்.

மூடி மறுநாள் மாட்டப்படவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அந்த மாதம் முடிவதற்குள், அடைத்த உப்பைத் தள்ளிவிடப்போன சீனித்தாயின் வலது கையை பெல்ட் இழுத்துக்கொண்டது. மூன்று விரல்கள் போயின.

ஆஸ்பத்திரியில் அவள் கண் விழிப்பதற்குள் ஷெட்டில் மூடி மாட்டியாகிவிட்டது. புதுப் பெயின்ட்டும் அடித்தார்கள். மூடி எப்போதும் அங்கேதான் இருந்தது, அவளே அதைக் கழற்றிவிட்டுக் கையை விட்டாள் என்று சூப்பர்வைசர் சொன்னார். சட்டத்தில் இதற்கு ஒரு வசதி உண்டு: பாதுகாப்பு மூடியைத் தொழிலாளி வேண்டுமென்றே கழற்றினால் முதலாளி பொறுப்பில்லை என்று கைகழுவிக்கொள்ளலாம். ஆக, கையும் போய், வேலையும் போய், பழியும் அவள் தலையில். கூட வேலைபார்த்தவர்கள் அத்தனை பேரும் தினக்கூலி. யாராவது வாய் திறந்தால் மறுநாள் அவர்களுக்கு வேலை இருக்காது. சீனித்தாய்க்குத்தான் ஞாபகம் வந்தது: அன்றைக்கு வேனில் வந்தார்களே, படித்தவர்கள், சிரித்தார்களே, அவர்கள் எல்லாரும் பார்த்தார்களே!

அவள் புருஷன் முத்துச்செல்வம் துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர். மத்தியானம் ஒரு மணி வெயிலில் சார் வீட்டு கேட்டைத் தட்டினார். சார் வராந்தாவில் ஒரு நாவலோடு சாய்ந்திருந்தார். "இருப்பா, இன்னும் நாலு பக்கந்தான்" என்று கையைக் காட்டினார். முத்துச்செல்வம் கேட்டுக்கு வெளியே நின்றார். அந்த நாலு பக்கத்தில் என்னதான் இருந்தது என்று பிறகு சாரிடம் கேட்டேன். ஒரு கோடீஸ்வரன் தன் வீட்டு வாசலில் ஒரு தொழிலாளியைக் கொட்டுகிற மழையில் நிற்கவைக்கிறானாம். "பிரமாதமான எடம்யா" என்றார் சார்.

பக்கம் முடிந்து, அடையாளத்துக்கு ஒரு நூலை வைத்து, புத்தகத்தை மூடினார். முத்துச்செல்வம் உள்ளே வந்து விஷயத்தைச் சொன்னார்.

"வாற வெள்ளிக்கெழம லேபர் ஆபீசர் விசாரணைக்கு வாராரு சார். அன்னைக்கி மூடி இல்லன்னு நீங்க பாத்தீங்கள்லா? அத மட்டும் வந்து சொன்னாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

இந்த இடத்தில்தான் நம் இனத்தின் முழு அழகையும் பார்க்கலாம். சார் இத்தனை வருஷமாக நாவல்களுக்கு நீதி வழங்கிவந்தவர் அல்லவா? உயிருள்ள ஒருவர் வந்து நீதி கேட்டதும் அவருக்கு இலக்கிய விமர்சனம் வழங்க ஆரம்பித்தார்.

"முத்துச்செல்வம், ஒரு சம்பவத்த ஒரே கோணத்துல பாக்கப்படாது. சொல்லுதது யாரு, எங்கன நின்னு சொல்லுதாங்கன்னு ஒண்ணு இருக்குல்லா?"

"சீனித்தாய்தான் சார் சொல்லுதா. ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்து சொல்லுதா."

"அதத்தான் நானும் சொல்லுதேன். வலியில கெடக்கவ சொல்லுததுல உணர்ச்சி கலந்துரும். அத அப்படியே எடுத்துக்கிட முடியாது."

"அப்போ வலியில்லாம இருக்காருல்லா செல்வின் மொதலாளி, அவரு சொல்லுததத்தான் எடுத்துக்கிடணுமா சார்?"

"செல்வினக் கெட்டவன்னு ஒரேயடியா முத்திர குத்தாதப்பா. மனுசன்னா நல்லதும் கெட்டதும் கலந்துதான இருப்பான்!"

"அது எனக்குத் தெரியாது சார். மூடி இருந்துச்சா, இல்லையா?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். தெருவைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எந்திரம் எம் பாடம் இல்லையேப்பா. எதுக்கு எங்கன மூடி இருக்கணும், எனக்கு என்ன தெரியும்?"

முத்துச்செல்வம் ஏற்கெனவே மற்ற இருவரையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். வரது, "எனக்குச் சொத்துக் கேஸ் மட்டுந்தான் பழக்கம்" என்றாராம். ஜாஸ்லின் டீச்சர் அழுது, ஜெபத்தில் நினைத்துக்கொள்வதாகச் சொல்லி, கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொடுத்தாராம். முத்துச்செல்வம் அந்தப் பாட்டிலை இன்னும் கையில் வைத்துக்கொண்டுதான் நின்றார்.

உள்ளேயிருந்து அற்புதமணி அம்மா வந்தார். ஆரம்பப் பள்ளியில் பல வருஷம் பிள்ளைகளை மேய்த்தவர். ஒரு தடவை காதில் விழுந்த பொய்யை மறக்கமாட்டார். நிற்க, எங்கள் ஊரில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம்.

"இந்த வார்த்தைய எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே" என்றார்.

"எந்த வார்த்த?"

"எந்திரம் எம் பாடம் இல்லன்னது. அந்தக் கதையில வாற ஐயர் சொன்னதுல்லா? நீங்கதான அவருக்கு மன்னிப்பே கெடையாதுன்னு எஞ் சப்பாத்திக் கட்டையால தட்டுனீங்க?"

"ஏளா, அது நாவல்."

"அப்போ இது?"

"இது வேற. இது நம்ம செல்வின்." குரலைத் தாழ்த்தினார். "அடுத்த மாசம் புஸ்தகம் அச்சுக்குப் போவுது, தெரியும்லா?"

அற்புதமணி அம்மா முத்துச்செல்வத்தைப் பார்த்து, "ஏய்யா, நான் வந்து சொன்னா ஏத்துக்கிடுவாங்களா?" என்று கேட்டார்.

"நீங்களும் பாத்தீங்களாம்மா?"

"எஞ் சேலையத்தானய்யா அது இழுத்துச்சு!"

சார் பதறிப்போனார். சீடன் போச்சு, புத்தகம் போச்சு என்கிற பதற்றத்தில் அவர் எடுத்துவைத்த ஆட்சேபணை இருக்கிறதே, அதைக் கேட்டு நான் சுவருக்கு இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டேன். "ஏளா, நீ வட்டத்துல உறுப்பினரே இல்லையே! ஒன்ன எப்படிச் சாட்சியா எடுப்பாங்க?"

வெள்ளிக்கிழமை காலையில் அவர் புறப்படும்போது பார்த்தேன். கட்டியிருந்தது அதே சுங்குடிச் சேலை. கிரீஸ் கறை எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லையாம். கிழிந்த ஓரத்தைத் தைக்கவும் இல்லை. சார் வராந்தாவில் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார், பக்கம் திரும்பவேயில்லை.

அதிகாரி, "உங்களுக்கும் இந்த ஷெட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டாராம்.

"முந்திரிக்கொத்து கொண்டுட்டுப் போனேன் சார்."

"அன்னைக்கு மூடி இல்லன்னு அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றீங்க?"

அற்புதமணி அம்மா முந்தியை எடுத்து மேசைமேல் விரித்தாராம். "மூடி இருந்தா இது எப்படி சார் உள்ள போவும்? என்னைய இழுத்துவிட அந்தப் பிள்ள பக்கத்துல நின்னா. அவள இழுத்துவிட ஆளில்ல."

இதை அவர் சுவருக்கு மேலாக என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு பேர் சேர்ந்து பார்த்ததைச் சொல்ல ஒரு கிழிந்த சேலை போகவேண்டியிருந்ததே என்று இருந்தது. ஒருவர் பேசியதும் கூட வேலைபார்த்த பெண்களில் இருவருக்கும் வாய் திறந்தது. செல்வினால் மறுக்க முடியவில்லை. பழி சீனித்தாய் தலையிலிருந்து இறங்கியது. நஷ்டஈடு கொடுக்கவேண்டும், கைக்கு ஒத்த வேலையில் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று ஆயிற்று. விரல் மூன்றும் திரும்பி வரவில்லை. அதற்கு எந்த அதிகாரியும் உத்தரவு போடமுடியாது.

கதை இங்கே முடிந்திருந்தால் தூரத்து நியாயவானை நீங்கள் பாதிதான் அறிந்திருப்பீர்கள். இந்த இனத்துக்கு வெட்கம் அதிக நாள் தங்காது. அடுத்த வாரமே, கோயில் வாசலில் சார் நாலு பேரைக் கூட்டிவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்: "நாங்க விடலையே! எங்க வட்டத்துலேருந்து நேரா போயிச் சாட்சி சொன்னோம்லா!" 'சொன்னோம்' என்றார், 'சொன்னாள்' என்று வரவில்லை. வரது பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். "இலக்கியம் மனுசனப் பண்படுத்தும்" என்று ஜாஸ்லின் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செல்வின் ஒரு மாதம் வட்டத்துக்கு வரவில்லை. மறுமாதம் புது நாவல்களோடு வந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்று கூண்டில் ஏறியவன் நியூயார்க்கில் வாடகை வீடுகள் வைத்திருந்த ஒரு பேராசைக்காரன். அவனுக்கு ஆயுள் தண்டனை. முதலில் தண்டனை கேட்டவர் செல்வின். சாரின் புத்தகத்தையும் அவர் கைவிடவில்லை. நல்ல பெயர் இப்போதுதானே அவருக்கு அதிகம் வேண்டியிருக்கிறது? அட்டை கெட்டியாக, தாள் வழவழப்பாக 'அமெரிக்க நாவலில் செல்வமும் நீதியும்' அச்சாகி வந்தது. வெளியீட்டு விழாவுக்குத் தலைமை செல்வின்.

விழாவுக்கு முந்தின நாள் சாருக்கு ஒரு யோசனை உதித்தது. முதல் பிரதியை மந்திரியோ கலெக்டரோ வாங்குவதெல்லாம் பழைய பாணி. ஒரு தொழிலாளி வாங்கினால்? செல்வின் கையால் கொடுத்து, சீனித்தாய் வாங்கிக்கொண்டால்? போட்டோவுக்கு எப்படி இருக்கும்! வராந்தாவில் நடந்துகொண்டே, ஸ்பீக்கரில் போட்டு, முத்துச்செல்வத்துக்கு போன் செய்தார்.

"மொதல் பிரதிய சீனித்தாய் கையில குடுக்கணும்னு எல்லாருக்கும் ஆசப்பா."

அந்தப் பக்கம் துறைமுகத்துச் சத்தம் இரைந்தது.

"எந்தக் கையில சார்?" என்றார் முத்துச்செல்வம்.

"இதென்ன கேள்வி? வலது கையிலதான். எடது கையில வாங்குனா மரியாதையா இருக்காதுல்லா!"

போன் வைக்கப்பட்டது. "சிக்னல் இல்ல போல" என்றார் சார், எனக்குக் கேட்கும்படியாக. உள்ளே அற்புதமணி அம்மா சப்பாத்திக் கட்டையை எங்கோ ஒளித்துவைக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு இந்த இரண்டு மாதமாக வட்டத்தில் சார் கையால்தான் மேசையைத் தட்டுகிறார்.

சரி, இப்போது உங்களிடம் வருகிறேன். கிருபாநிதி சாருக்கு என்ன தண்டனை கொடுக்கலாம் என்று இவ்வளவு நேரமாக யோசித்துக்கொண்டுதானே வந்தீர்கள்? எனக்குத் தெரியும். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல், முகம் தெரியாத ஒரு மனிதரைக் காகிதத்தில் நிறுத்தி, இரு தரப்பையும் கேட்டு, மன்னிப்பே கிடையாது என்று தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள். உங்களிடம் இல்லாதது அந்தக் கறுப்பு அங்கி ஒன்றுதான். நல்ல தீர்ப்பு, நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். ஆனால் உங்களுக்கு நாசரேத் எவ்வளவு தூரம்? அதைச் சொல்லுங்கள். உங்களுடைய ஆறுமுகநேரி எது? இந்த வாரம், உங்கள் பஸ் தூரத்துக்குள், மூடி இல்லாத எதையாவது பார்த்தீர்களா? கயிறு கட்டாமல் உங்கள் அடுக்குமாடிச் சுவரில் பெயின்ட் அடித்துக்கொண்டு தொங்கியவரை? உங்கள் தெருச் சாக்கடைக்குள் இறங்கியவரை? பார்த்துவிட்டு, அது என் பாடம் இல்லை என்று நீங்கள் சொல்லவில்லை, நினைக்கத்தான் செய்தீர்கள், சரிதானே?

வாசலில் யாரோ கேட்டைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. இன்னும் நாலு பக்கம் என்று கையைக் காட்டாதீர்கள். இதுதான் கடைசி வரி.